ஊமைச்சி முகடு

2003 செப்டம்பரில், ஐரோப்பாவை வறுத்தெடுத்த வெயில் ஓய்ந்த பிறகு, ரெட்டியார்பாளையத்தில் இருந்த தணிகாசலத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்சனோடு ஊர் திரும்பியவர் அவர். எழுதியிருந்தவள் செசில். முப்பத்துநாலு வருடத்துக்கு முன் மலையில் காணாமல் போன அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி ழான்-லூக்கின் தங்கை.

'பனியாறு உருகி அண்ணன் உடல் வெளியே வந்துவிட்டது. உடைந்த காலைப் பனிக்கோடரிக் காம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பாறையில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தான். இரண்டு மூன்று நாள் உயிரோடு இருந்திருப்பான் என்கிறார்கள். கடைசியாக உடன் இருந்தவர் நீங்கள்தான். ஏதாவது சொன்னானா?'

அவர் கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார். அன்று மதியம் சாப்பிடவில்லை.

பிரான்சுக்கும் இத்தாலிக்கும் எல்லையாக நிற்கும் அந்த முகட்டுக்கு லா முயெத் என்று பெயர். ஊமைச்சி என்று அர்த்தம். 1866இல் முதன்முதலாக மூன்று பேர் அதன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது வழிகாட்டி இத்தாலிப் பக்கம் சறுக்கி விழுந்தான். மற்ற இருவரும் அவனைத் தேடாமல் வந்துவிட்டார்கள். பிணத்தை எந்த நாடு எடுப்பது என்று பேசிப் பேசியே அவன் அங்கேயே கிடந்துபோனான். அதிலிருந்து, மூடுபனியில் அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது என்பது மலையேறுகிறவர்கள் பேச்சு. 1969இல் ஏறும்போது இதைச் சிரித்துக்கொண்டே சொன்னவன் ழான்-லூக்தான்.

இரண்டு மணி நேரம் கழித்து அவனே இத்தாலிப் பக்கம் சறுக்கினான். கயிறு பாறை விளிம்பில் அறுந்தது. கீழே வெறும் மூடுபனி. தணிகாசலம் கத்தினார். வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. அவர் பதில் கொடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் பிரான்சுப் பக்கமாக இறங்கினார். சத்தமே வரவில்லை என்று அதிகாரிகளிடம் சொன்னார். தேடப் போனவர்களும் பிரான்சுப் பக்கத்திலேயே தேடிவிட்டுத் திரும்பினார்கள்.

ஊருக்கு வந்தும் அது விடவில்லை. பெரிய மார்க்கெட் கூட்டத்தில், பட்டப்பகலில், முதுகுக்குப் பின்னால் யாரோ பனியை மிதித்து நடக்கும் சத்தம் கேட்கும். அந்த வழிகாட்டிதான் தொடர்ந்து வருகிறான் என்று நினைத்தே காலம் தள்ளினார்.

சாயங்காலம் மனைவி தனக்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்தக் குரலு இன்னா சொல்லிச்சி?"

"தணின்னு கூப்புட்டுச்சி."

அவள் மெதுவாகக் கேட்டாள். "நூறு வருசத்துக்கு முன்ன செத்தவனுக்கு உங்க பேரு எப்பிடித் தெரியும்?"

அவர் தலை நிமிரவில்லை.

"தெரியும் தனம். அன்னைக்கே தெரியும். அவங்கிட்ட எறங்கிப் போவ பயந்துட்டேன்."

மறுநாள் உட்கார்ந்து ஒன்று விடாமல் செசிலுக்கு எழுதினார். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு போன் வந்தது. "அடக்கம் வெள்ளிக்கிழமை. அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். உங்களை வரச் சொல்கிறாள்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

போனார். மலையடியில் சின்னக் கல்லறைத் தோட்டம். சக்கர நாற்காலியில் இருந்த கிழவி அவரைத் திட்டவில்லை. முகத்தையே பார்த்தாள்.

"என் பிள்ளை குரலை நான் மறந்துவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கிறது இல்லையா? அவன் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடு."

தணிகாசலம் முகட்டைப் பார்த்து நின்று, தன் பெயரைத் தானே உரக்கக் கூப்பிட்டார். குரல் பாதியில் உடைந்தது.

கிழவி கண்ணை மூடியிருந்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.