அண்ணன் சுமந்த வயது

வெல்டிங் பட்டறைச் சின்னவனுக்குப் பத்தொன்பது வயது பன்னிரண்டு வருடம் நீடித்தது. சில பிள்ளைகளுக்குப் பல் தாமதமாக முளைப்பதில்லையா, அப்படி இதுவும் ஒன்று என்று தெருவில் விட்டுவிட்டார்கள். கூடப் படித்தவர்களுக்குத் தொப்பை போட்டது, வழுக்கை விழுந்தது. இவனுக்கு மட்டும் அதே பூனைமீசை, அதே துள்ளல் நடை. அவன் ஆசைப்பட்ட மருந்துக்கடைப் பெண் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேறொருவனைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இவனைத் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டான்.

ஆனால் போன வருடங்கள் எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும்? அவை அண்ணன் தலையில் விடிந்தன. அண்ணன் மூன்றே வயது மூத்தவன். அப்பா போனபின் பட்டறையையும் தம்பியையும் தாங்கியவன்.

இது தொடங்கிய நாள் அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். தையல்கார அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கச் சின்னவன் போயிருந்தான். வாசலில் நண்பர்கள் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு நின்றார்கள். முழுக்கப் பற்றவைக்க வேண்டிய இடங்களில் பேருக்குப் பொட்டு வைத்து, மேலே பச்சை பெயின்ட்டை அப்பிவிட்டு ஓடிவிட்டான். அந்த வாரமே கைப்பிடி பெயர்ந்து அக்கா விழுந்தாள், இடுப்பு ஒடிந்தது. மாடியிலிருந்த தையல் மெஷின் அதோடு ஓய்ந்தது. அவள் வீட்டு ஆட்கள் பட்டறைக்கு வந்து, "யார்யா பண்ணது?" என்று கத்தினார்கள். சின்னவன் தரையைப் பார்த்தான். "நான்தாங்க" என்றான் அண்ணன். மறுநாள் காலையில் அண்ணனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

அதன்பின் அண்ணனுக்கு வயது மளமளவென்று ஏறியது. முதுகு வளைந்தது, கை நடுங்கியது. சின்னவன் கண்டும் காணாதவன் போல இருந்தான். பாவி, இளமை அவனுக்கு அவ்வளவு சௌகரியமாக இருந்தது.

ஒருநாள் அண்ணன் பட்டறையில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "தாத்தாவுக்கு என்ன வயசு தம்பி?"

கட்டிலில் கிடந்த அண்ணன் சிரித்தான். "சொல்லுடா பேராண்டி."

சின்னவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நேரே பட்டறைக்குப் போய் வெல்டிங் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தையல்கார அக்கா வாசலில் நின்றான்.

"அன்னிக்கு அண்ணன் இல்லக்கா. நான்தான். அவசரத்துல ஒப்பேத்திட்டு ஓடிட்டேன்."

அவள் கைத்தடியை ஊன்றியபடி அவனையே பார்த்தாள். "என் இடுப்பு திரும்பி வராதுடா."

"தெரியும்க்கா."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

பெயர்ந்தே கிடந்த கைப்பிடியின் முதல் இணைப்பை முழுதாகப் பற்றவைத்து முடித்தபோது அவனுக்குத் தாடி அடர்ந்திருந்தது. பாதிப் படியில் முடி நரைத்தது. கடைசிப் படியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்து, முழு உடம்பையும் கைப்பிடியில் தொங்கவிட்டுச் சோதித்தான். அது அசையவில்லை. அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு முதுகு ஓரளவு நிமிர்ந்தது, தானே எழுந்து தண்ணீர் குடித்தான்.

அக்கா ஒவ்வொரு படியாக ஏறிப்போய் மெஷின் மேலிருந்த துணியை எடுத்தாள்.

இப்போது பட்டறையில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வயது, ஒரே பவர். கண்ணாடி ஒன்றுதான். யாருக்கு வேண்டுமோ அவர் கை நீட்டுவார். மற்றவர் கழற்றிக் கொடுப்பார்.