ஹம்பக்கருக்கு ஏற்ற சண்டை

கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் கடைகளைத் தாண்டிப் போனால் சின்னண்ணன் வீதி வரும். எலக்ட்ரிக் கிட்டாருக்கான ஹம்பக்கர் பிக்கப் அங்கேதான் சுற்றப்படுகிறது. வீட்டுக்கு வீடு கணவனும் மனைவியும் சேர்ந்து செய்கிற தொழில். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

காரணம் எளிது. கிட்டார் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது பிக்கப். காந்தத்தைச் சுற்றி ஒற்றைச் செம்புச் சுருள் மட்டும் இருந்தால், அது பாட்டோடு சேர்த்துக் கரண்ட் இரைச்சலையும் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று கிடக்கும். எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு சுருள்களை ஒட்டி வைத்தால் இரைச்சல்கள் ஒன்றோடொன்று மோதிச் செத்துப்போகும், பாட்டு மட்டும் தப்பிக்கும். அதுதான் ஹம்பக்கர். ஒரு சுருளைக் கணவர் வலப்பக்கமாகச் சுற்றுவார், மற்றதை மனைவி இடப்பக்கமாக. அவர்கள் பேசிவிட்டால், அதுவரை சுற்றிக் கொடுத்த அத்தனை பிக்கப்பும், எந்த ஊரில் எந்தக் கிட்டாரில் இருந்தாலும், அந்த நொடியே இரைய ஆரம்பித்துவிடும்.

திருப்பூர் ஜெயசிங்கின் கிட்டாருக்கு அப்படித்தான் ஆயிற்று. அதன் பிக்கப்பைச் சுற்றிய அம்மாள் போன மாதம் காலமாகிவிட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, கணவர் அந்த அம்மாளின் போட்டோவோடு பேச ஆரம்பித்துவிட்டார். யாரையும் குறை சொல்ல முடியாது. ஜெயசிங் இரங்கல் கடிதம் எழுதிப் போட்டார்.

ஜெயசிங்குக்கு நாற்பத்தியொரு வயது. வார நாட்களில் பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பன்னிரண்டு வருடமாக லீடு கிட்டார். யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காக அல்லும் பகலும் பாடுபடுகிற மனுஷன். துணியில் ஓட்டை இருந்தால்கூட, "இங்க கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு" என்றுதான் எழுதிக் கொடுப்பார்.

குழுவை நடத்தும் சுலைமானுக்கு அந்த மாதிரிப் பழக்கம் கிடையாது. "ஜெயசிங், வர்ற ஞாயித்துக்கிழமை பல்லடத்துல ரிசப்ஷன். அதுக்குள்ள அந்த இரைச்சலை நிறுத்துங்க. இல்லேன்னா லீடு எல்லாத்தையும் ரோஸ்லினே கீபோர்டுல வாசிச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ரோஸ்லின் அதற்கு முன்பே கீபோர்டில் கிட்டார் சத்தத்தைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். அந்தச் சத்தம் நன்றாகவே இருந்தது. லீடும் போய்விட்டால் வாரத்தில் ஏழு நாளும் ஓட்டை பார்க்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சின்னண்ணன் வீதிக்குப் போனார். வீதிச் சங்கத்தின் செயலாளர் குழந்தைவேல் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"எந்த எடத்துக்குங்?"

"பிரிட்ஜ் பக்கம்ங்க."

குழந்தைவேல் தாடையைத் தடவிக்கொண்டார். கம்பிகள் வந்து முடிகிற இடம் பிரிட்ஜ். அங்கே கம்பி விறைப்பாக இருக்கும், சத்தம் கூர்மையாகக் கிளம்பும். கிட்டாரின் கழுத்துப் பக்கம் என்றால் பழைய சண்டை போதும். எதற்காகச் சண்டை என்பதே மறந்துபோயிருந்தாலும் நாதம் உருண்டு வரும். பிரிட்ஜுக்கு அது ஆகாது, சண்டையில் சூடு இருக்க வேண்டும்.

"சொத்துச் சண்டை வேண்டாமுங். கனமா இருக்கும், சோலோவுல இழுக்கும். மாமியார் சண்டை கீச்சுக் கீச்சுன்னு காதைக் குத்தும்" என்றார்.

இரண்டு மூன்று வாசல்களில் நிறுத்தி மௌனத்தைக் கேட்க வைத்தார். ஒரு வீட்டின் மௌனத்தில் அடிநாதம் போதவில்லை. இன்னொன்றில் தினமும் டிவி ரிமோட்டுக்காக நடக்கிற சில்லறைச் சண்டை. அதைக் கேட்டாலே பல் கூசியது. பதினான்காம் எண் வீட்டு வாசலில் நின்றபோது ஜெயசிங்கின் முன்கை ரோமம் எழுந்து நின்றது. இதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அது ராக்கியண்ணன், பாவாத்தாள் வீடு. ஒன்பது வருடத்துக்கு முன் இருவரும் பழனிக்குக் கிளம்பினார்கள். உடுமலை பஸ் ஸ்டாண்டில் ராக்கியண்ணன் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் மனைவிக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தார். பாவாத்தாள் ஏறவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். ராக்கியண்ணன் துண்டை நம்பிப் பழனிவரை போய், மொட்டையும் அடித்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அதோடு பேச்சு நின்றது.

"இப்ப ஊட்டுக்குள்ள போயிச் சாப்பிடோணும். அதுதான் இங்க முறை" என்றார் குழந்தைவேல். "அவிய ரெண்டு பேரும் உங்க மூலமாத்தான் பேசுவாங்க. கூட்டாம, கொறைக்காம அப்பிடியே கொண்டு போயிக் கொடுக்கோணும். அந்தக் கோவம் கம்பியில ஏறுனாத்தான் பிக்கப்புங்."

ஜெயசிங் தலையாட்டினார். நல்ல மனதோடுதான் ஆட்டினார்.

உள்ளே அரிசியும் பருப்பும் சாதம் போட்டார்கள். ராக்கியண்ணனுக்கும் பாவாத்தாளுக்கும் நடுவில் அவருக்கு இலை. சண்டை தீராதவரை, மூன்றாம் ஆள் எடுத்துக் கொடுக்காமல் ஒருவர் சொல் மற்றவர் காதில் அந்த வீதியில் விழாது. அரை முழத் தூரம்தான் என்றாலும் விழாது.

பாவாத்தாள் ஆரம்பித்தார். "அந்த மனுசன்கிட்டச் சொல்லுங் தம்பி. நெய்யை என்னமோ அவிய அப்பன் ஊட்டுச் சொத்தாட்ட ஊத்த வேண்டாம்னு."

ஜெயசிங் இந்தப் பக்கம் திரும்பினார். வாய் திறந்தது. பழக்கம் முந்திக்கொண்டது. "நெய்யைப் பார்த்து ஊத்திக்கணுமாம்ணா. உங்க உடம்புக்காகச் சொல்றாங்க."

ராக்கியண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "அவ்வளவு அக்கறை இருக்கறவ அன்னைக்கே காலாகாலத்துல பஸ் ஏறியிருக்கோணும்னு சொல்லுங்" என்றார். குரலில் காரம் பாதிதான் இருந்தது.

"அன்னைக்கு நீங்க பஸ்ஸுல ஏறாமப் போனது அண்ணனுக்கு இன்னும் மனசுல கெடக்காம் அக்கா."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று ஜெயசிங் பிற்பாடு எல்லோரிடமும் வாதாடினார்.

சாப்பிட்டதும் வேலை ஆரம்பமானது. கூடத்தில் ராக்கியண்ணன் வலப்பக்கமாகச் சுற்றினார், சமையலறையில் பாவாத்தாள் இடப்பக்கமாக. ஆளுக்கு ஐயாயிரம் சுற்று. ஜெயசிங் நிலைப்படியைத் தாண்டித் தாண்டிச் சொல் சுமந்தார். 'கூறுகெட்ட மனுசன்' என்று சமையலறையில் கிளம்பியது, கூடத்துக்கு 'வெள்ளந்தியான மனுசன்' என்று வந்து சேர்ந்தது. மூவாயிரமாவது சுற்றில் பாவாத்தாள் கேட்டார். "மொட்டை அடிச்ச மண்டைக்குச் சந்தனம் பூசத் தெரிஞ்சுதான்னு கேளுங்."

"பூசி உடறதுக்கு அங்க எந்த நாதி இருந்துச்சுன்னு சொல்லுங்" என்றார் கூடத்தில் ராக்கியண்ணன்.

ஜெயசிங் சமையலறைக்குப் போனார். "நீங்க பக்கத்துல இல்லாம அவருக்குப் பூசத் தோணலையாம்" என்றார்.

சுற்றும் சத்தம் நின்றது. பாவாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ஜெயசிங்கைத் தாண்டி, நேராகக் கணவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, வெயில்ல மண்டை வெந்திருக்குமே?"

"ஆமா புள்ள. ஒரு வாரம் எரிஞ்சுது."

செயலாளர் வீட்டில் போன் அடிக்க ஆரம்பித்தது. சேலத்தில் ஒரு ஸ்டுடியோ, ஈரோட்டில் ஒரு சர்ச், பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி விழா. ஒன்பது வருடத்துப் பிக்கப்புகள், மொத்தம் நாற்பத்து மூன்று கிட்டார்களில், ஒரே நேரத்தில் இரைந்தன. குழந்தைவேல் செருப்பைக்கூடப் போடாமல் வந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லதுதானே நடந்திருக்கு" என்றார் ஜெயசிங்.

"நல்லதுதானுங். ஆனா நீங்க இனிமேல் இந்த வீதிக்கு வர வேண்டாமுங்."

ராக்கியண்ணனும் பாவாத்தாளும் மீதிச் செம்புக் கம்பியையும் சுற்றாத காந்தம் ஒன்றையும் ஜெயசிங்கின் பையில் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பழனிக்குக் கிளம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெயசிங் நடந்ததை எல்லாம் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னார். ஸ்டெல்லா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம், ஒரு நாள்கூட இருவருக்கும் சண்டை வந்ததில்லை. நெய் விஷயம்வரை ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். சந்தனத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

"என்னங்க, நீங்க எப்பவுமே இப்படி மாத்தித்தான் சொல்லுவீங்களா?"

"எப்பவாவது. லேசா."

"என் மீன்குழம்பு உடம்புக்கு ரொம்ப நல்லதுன்னு அத்தை போன்ல சொன்னதாச் சொன்னீங்களே. அவங்க என்ன சொன்னாங்க?"

அடி வாங்கி வந்தவர் என்பதால் ஜெயசிங் இந்த முறை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "கஷாயம் மாதிரி இருக்குன்னாங்க."

பிறகு ஸ்டெல்லா ஒவ்வொன்றாகக் கேட்டாள். வளைகாப்பில் சொன்னது, அவள் பாட்டைப் பற்றிச் சொன்னது, வீட்டுக்குப் பூசிய பச்சைப் பெயிண்ட்டைப் பற்றிச் சொன்னது. பதினான்கு வருடத்தையும் ஜெயசிங் சொல் மாறாமல் ஒப்பித்தார். அவர் அம்மா அவளைப் பாராட்டிய ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை. ஸ்டெல்லா தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

ஜெயசிங்கின் கண் பையில் இருந்த செம்புக் கம்பிக்குப் போனது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஸ்டெல்லாவும் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் லீடு வாசிப்பதை அவளாலும் தாங்க முடியாது.

சனிக்கிழமை அவள் தையல் மெஷினில் பாபின் சுற்றும் சக்கரத்தில் இடப்பக்கமாக ஐயாயிரம் சுற்றினாள். அவள் எழுந்து போனதும் அவர் உட்கார்ந்து வலப்பக்கமாகச் சுற்றினார். மாட்டிப் பார்த்தால் துளி இரைச்சல் இல்லை. கம்பியைத் தொட்டதும், புதுப் பிளேடால் காகிதத்தைக் கிழித்த மாதிரி சத்தம் வந்தது. அவர் ஆயுளில் கேட்ட பிரிட்ஜ் பிக்கப்புகளிலேயே உயர்ந்தது அதுதான். ஸ்டெல்லாவிடம் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் கெட்டுவிடும் என்று மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்து மண்டபத்தில் ஸ்டெல்லா மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பாதி வேலை அவளுடையது. நாலாவது பாட்டில் ஜெயசிங்கின் சோலோ வந்தது. முதல் நான்கு வரிக்கே சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் கையைக் கழுவாமல் எழுந்து வந்தார்கள். சுலைமான் கட்டை விரலை உயர்த்தினார். ரோஸ்லின் கையைக் கட்டிக்கொண்டார். ஜெயசிங் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அவர் வாசிப்பை நிறுத்தினார். மைக்கை இழுத்தார்.

"ஸ்டெல்லா, அம்மா சொன்னது அம்மா சொன்னதுதான். மாத்திச் சொன்னது நான். உன்னைக் கேக்காமலே செஞ்சுட்டேன். தப்பு என்னுது."

மணமக்கள் அடுத்த ஆளோடு போட்டோவுக்கு நின்றார்கள். ஸ்டெல்லா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"அன்னைக்குக் குழம்பு கஷாயமாத்தாங்க இருந்துச்சு. வாசிங்க."

ம்ம்ம் என்று கிட்டார் இரைய ஆரம்பித்தது. சுலைமான் ரோஸ்லினுக்குக் கை காட்டினார். ரோஸ்லின் சோலோவை விட்ட இடத்திலிருந்து எடுத்து நன்றாகவே முடித்தார். ஜெயசிங் கம்பியைத் தொடவில்லை. கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றார். அழுகை வந்தது, அழுதார். அடுத்த பாட்டுக்குப் பாடகி அந்த இரைச்சலிலேயே சுருதி எடுத்துக்கொண்டார். கரண்ட் இரைச்சல் ஐந்து கட்டைச் சுருதியில் அசையாமல் நின்றது. அந்த வாரமே குழுவின் போஸ்டரை மாற்றினார்கள். 'லீடு: ரோஸ்லின். சுருதி: ஜெயசிங், ஸ்டெல்லா.'

செவ்வாய்க்கிழமை காலையில் மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். பல்லடத்துக் கச்சேரியை அலுவலகத்தில் எல்லோரும் கேட்டதாகவும், கரண்ட் லைன் இரைச்சலை ஊருக்கே இதே ஐந்து கட்டையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வரச் சொன்னதாகவும் சொன்னார். ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து மெதுவாகப் பாடிப் பார்த்தாள்.

"அஞ்சு எனக்கு எட்டலைங்க. நாலரை வச்சுக்குங்க."

அவர் குறித்துக்கொண்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலத்திலிருந்து திருப்பூரில் மின்விசிறிகள் நாலரைக் கட்டையில் சுற்றுகின்றன.