எல்சியின் பீரோ திறந்திருந்தது

தீனாவைப் பன்னிரண்டு மணிக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிடுவோம் என்று ஏட்டு சொன்னபோது மணி ஒன்பது. மங்கம்மா அவரிடம் மல்லுக்கட்டவில்லை. தங்கை மகனை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு, செத்தவளின் வீட்டுக்கு நடந்தாள்.

1998 நவம்பர். ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த எல்சி, பிரசவ வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். காலை ஆறு மணிக்கு வாசற்படியில் மண்டை உடைந்து கிடந்தாள். பக்கத்தில் அம்மிக் குழவி. போலீசுக்குச் சொன்னவர் மேல்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் நீலமேகம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். விடிகாலையில் தீனா அங்கிருந்து ஓடியதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். முந்தின நாள்தான் எல்சியின் ஃபேனைப் பழுது பார்க்கத் தீனா வந்து போயிருந்தான். அவன் பேரில் பழைய சைக்கிள் திருட்டு கேஸும் ஒன்று இருந்தது. போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

வாசலில் கான்ஸ்டபிள் கையை நீட்டி மறித்தார். "ஏ ஆயா, எங்க போற? உள்ள சார் கீறாரு."

"அவரத்தான் பாக்கணும். தள்ளு."

குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் பீம்ராவ் புளியந்தோப்புக்காரர். பிணத்தை அனுப்பிவிட்டு, நடுவீட்டில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"யாரு நீ?"

"மங்கம்மா. காசிமேட்ல பிரசவம் பாக்குறவ. எல்சி எனக்கு இருவது வருசப் பழக்கம். தீனா என் தங்கச்சி புள்ள."

"அப்ப அழ வந்துக்கீற. அஞ்சு நிமிசம் தரேன். அழுதுட்டுக் கெளம்பு."

"அழறதுக்கு என் வூட்ல எடம் கீது சார். பூட்ட ஒடச்சிருக்கானா?"

பீம்ராவ் நிமிர்ந்து பார்த்தார். "இல்ல. எல்லாம் சாவி போட்டுத் தொறந்தது. பீரோ, டிரங்குப் பெட்டி, அரிசி டின்னு. இன்னா போச்சுன்னுதான் புரியல. தோடு காதுலயே இருந்திச்சு."

மங்கம்மா சுற்றிலும் பார்த்தாள். பீரோவின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. உள்ளே புடவைகள் அடுக்கு கலையாமல் இருந்தன. கொசுவலையின் நான்கு கயிறுகளும் அவிழ்க்கப்பட்டு, வலை கட்டில்மேல் சரிந்து கிடந்தது. ஜன்னல் திரையின் நாடாவும் தொங்கியது. மூலையில் வெங்காயப் பை.

"சார், வெங்காயத்துல திருடன் இன்னாத்த தேடுவான்?"

"நகைய அதுல கூட ஒளிச்சி வப்பாங்க."

"தேடுறவன் கொட்டிருப்பான். இது கொட்டல. வாய மட்டும் அவுத்து வுட்டுக்கீது." அவள் குரல் தணிந்தது. "இந்த வூட்ல பிரசவம் நடந்துக்கீது சார். வலி எடுத்தும் புள்ள எறங்கலன்னா, வூட்ல ஒரு முடிச்சு, ஒரு பூட்டு வுடமாட்டோம். எல்லாத்தையும் தொறந்து வுட்டா அவ ஒடம்பும் தொறக்கும்னு. எல்சி ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போறவதான். ஆனா இதுல மட்டும் என்னவிட மோசம்."

பீம்ராவ் சிரித்தார். "தங்கச்சி புள்ளைக்காகச் சோக்கா சோடிக்கிற."

"நீ வந்தப்ப இந்தத் தரை எப்டி இருந்திச்சு?"

அவர் நோட்டைப் புரட்டினார். "ஈரமா இருந்திச்சு. ஃபினாயில் வாசன."

"வாசப்படி ரத்தம் அப்டியே காஞ்சி கெடக்குது. கொன்னவன் அத்த வுட்டுட்டு நடுவூட்ட எதுக்குக் கழுவுனான்?"

பேனா நின்றது.

"வா சார். கொல்லைல நஞ்சுக்கொடி பொதச்ச எடத்தக் காட்றேன். அப்ப நம்புவ."

கொல்லை பத்தடிக்கு எட்டடி. கிணற்றடி, துவைக்கிற கல், முருங்கை மரம். மங்கம்மா ஒவ்வொரு மூலையாகக் குனிந்து பார்த்தாள். எங்கும் மண் கிளறியிருக்கவில்லை.

"இன்னா ஆயா, எங்க உன் நஞ்சு?" என்றார் பீம்ராவ். அவர் கடிகாரத்தைப் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. தீனாவின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள்.

அப்போது மாடிப்படியிலிருந்து ஒரு வெள்ளாடு இறங்கி வந்தது. கழுத்தில் கயிறில்லை. மங்கம்மா தலையைத் தூக்கினாள். மேல்வீட்டுக் கொடிக்கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்க, துணியெல்லாம் மழைத்தண்ணீரில் கிடந்தது. இரும்புக் கிராதியில் பூட்டு வாய் பிளந்து தொங்கியது.

"ஐயோ, தப்பு பண்ணிட்டேன் சார்."

"இன்னா தப்பு?"

"நஞ்சு விழுந்ததும் மொத வேலையா எல்லாத்தையும் திரும்பக் கட்டிப் பூட்டிடணும். இல்லன்னா தாய்க்கு ஆவாது. மேல இன்னும் கட்டல. அவுத்து வுட்டது பெத்தவளோட அம்மாக்காரி வேல. நஞ்சு இன்னும் விழல சார்! பெத்தவ மேலதான் கெடக்குறா. ரத்தம் போய்கினே இருக்கும்."

அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். நீலமேகம் மாடிப்படி முடிவில் வழியை அடைத்து நின்றார்.

"மேல யாரும் இல்ல சார். பொண்ணு மீஞ்சூர்ல, அவ சித்தி வூட்ல கீது."

பொண்ணைப் பற்றி யாருமே அவரிடம் கேட்டிருக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. தலைவிரி கோலமாக அவர் மனைவி நின்றாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

பாயில் அவர்கள் மகள் மோகனப்ரியா கிடந்தாள். பத்தொன்பது வயது, கழுத்தில் தாலி இல்லை, உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில் துண்டில் சுற்றிய ஆண் குழந்தை முனகியது. அதன் கொடியை எல்சி பக்குவமாகக் கட்டி அறுத்திருந்தாள். மங்கம்மா பெண்ணின் வயிற்றில் கை வைத்தாள்.

"கொடியப் புடிச்சி இழுத்தீங்களா?"

"அவரு இழுக்கச் சொன்னாரு. நான் தொடல" என்றாள் தாய்.

"நல்லவேள. சார், ஜீப்பக் கெளப்பு!"

"தெருவே பாக்கும் சார்" என்றார் நீலமேகம். "கொஞ்சம் பொறுத்தா தானா விழுந்துரும்."

பீம்ராவ் அவரைத் திரும்பிப் பார்த்தார். "எல்சிகிட்டயும் இதத்தான் சொன்னியா?"

நீலமேகம் படியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். ஐந்து மணிக்குக் குழந்தை பிறந்தது. நஞ்சு விழவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், ஆட்டோ கூட்டிவருகிறேன் என்று எல்சி வாசலுக்குக் கிளம்பினாள். சொல்லிப் பார்த்தும் நிற்கவில்லை. கைக்குக் கிடைத்தது குழவி. பிறகு பெண்ணை மேலே தூக்கிப் போனார்கள். ஃபேன் பழுது பார்த்த பையன் அதற்கப்புறம்தான் அவர் ஞாபகத்துக்கு வந்தான்.

ஆஸ்பத்திரி போகும்வரை மங்கம்மா பெண்ணின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. தீனாவின் பேச்சையும் எடுக்கவில்லை. வயர்லெஸ்ஸில் ஸ்டேஷனைக் கூப்பிட்டு, அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னவர் பீம்ராவ்தான்.

டாக்டரம்மா மயக்க மருந்து கொடுத்து நஞ்சை எடுத்தார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் ரத்தம் இன்னும் ஒரு பாட்டில் வேண்டும் என்றார்.

நாலு மணிக்குத் தீனா வார்டு வாசலுக்கு வந்து சேர்ந்தான். கன்னம் வீங்கியிருந்தது.

"இன்னா பெரிம்மா, ஒரு டீக்குக் கூட வழியில்லாம நான் குந்திகினு இருந்தேன். நீ எவளுக்கோ அலஞ்சிகினு கீற."

"நீ இன்னா குரூப்பு?"

"ஓ பாசிட்டிவ். ஏன்?"

"உள்ள போ. கைய நீட்டு."

கதவிடுக்கில் அவன் எட்டிப் பார்த்தான். பாய்க்குப் பதில் இப்போது கட்டிலில் கிடந்தவளின் பக்கத்தில், குழந்தையை மடியில் வைத்து நீலமேகத்தின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"பெரிம்மா, இது யாரு பொண்ணுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள் மங்கம்மா. "சட்டைய மடிச்சி வுடு."