கசாயம் அடக்கிய வீக்கம்

டாக்டர் கமலநாதனுக்கு முடிவு முதலில் வந்துவிடும். சோதனை பிறகு மெதுவாக வந்து சேர்ந்தால் போதும். மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கான் ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடமாக அவரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் மலர்விழிக்கு இது நன்றாகத் தெரியும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு முனைவர் பட்டம். வெள்ளிக்கிழமைதோறும் அவளுடைய ஆய்வு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். ஒரு வரி படித்ததில்லை.

சளி வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவர் செல்களில் புகுந்தால், அவை தங்கள் மேல்பரப்பில் ஓர் ஒட்டுப்புரதத்தை ஏராளமாக வெளியே நீட்டும். ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகென்ன, வீக்கம், இழுப்பு. தொற்றிய செல்கள் மேல் பேராசிரியரின் சொந்தத் தயாரிப்பான மூலிகைக் கசாயத்தை மலர்விழி விட்டாள். ஒட்டுப்புரதம் அடியோடு குறைந்தது.

"பார்த்தியா! வீக்கத்துக்கு வழியே இல்ல லா!" என்று குதித்தார் அவர்.

"செல்லே இல்ல சார். முக்கால்வாசி செத்து மிதக்குது. சாயம் போட்டு எண்ணிட்டேன்."

"அதெல்லாம் வெளியீட்டு விழா ஸ்லைட்ல வேணாம். ஜனங்க கன்ஃபியூஸ் ஆயிடுவாங்க."

ஆள் செத்த பிறகு காய்ச்சல் இறங்கிவிட்டதென்று இனிப்பு கொடுக்கும் ரகம். வாயை மூடிக்கொண்டிருந்த தன்மேலும் அவளுக்கு அருவருப்பு வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் கசாய வெளியீட்டு விழா. பொன்னாடை, மாலை, மேசை நிறையக் கசாயப் பாட்டில்கள். திரையில் ஒட்டுப்புரதம் குறைந்ததைக் காட்டும் படம், அதன் கீழே மலர்விழியின் பெயர். கிள்ளானிலிருந்து வந்திருந்த இராஜம்மா கையில் ஒரு பாட்டிலோடு எழுந்தாள்.

"சார், என் மகனுக்கு ஆறு வயசு, ஆஸ்துமா. சளி பிடிச்சா இழுக்குது. இன்ஹேலர் பம்ப்பை நிறுத்திட்டு இதைக் கொடுக்கலாமா?"

"தாராளமா! சோதனை செஞ்ச பொண்ணே சொல்லட்டும்" என்று மைக்கை மலர்விழி பக்கம் தள்ளினார். வில்லங்கமான கேள்வி என்றால் மாணவர்கள் தலையில் கட்டுவது அவர் வழக்கம்.

மலர்விழி மைக்கை வாங்கினாள். "பம்ப்பை நிறுத்திடாதீங்க அக்கா. இதுல வீக்கம் அடங்கல. செல்லு செத்துப்போச்சு. செத்தது எப்படி வீங்கும்?"

இராஜம்மா பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையில் பம்ப் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கமலநாதன் மைக்கைப் பொத்தினார். "என் கையெழுத்து இனி உனக்குக் கிடைக்காது, தெரியுதா?"

"தெரியுது சார். ஆனா என் நோட்டுல செத்த செல்லை எண்ணுன பக்கத்துல போன வெள்ளிக்கிழமையே போட்டுட்டீங்களே."