பக்கத்து நாட்டு வரிசை

உயர்கல்வி அமைச்சகத்தில் புள்ளிவிவரப் பிரிவின் தலைவியாக இருந்த அம்மாளுக்கு, முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘தசமம்’. புள்ளிக்கு அப்புறம் வரும் எண்ணைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அரை டம்ளர் காபி கேட்டால் நிஜமாகவே அளந்து அரை டம்ளர்தான் வரும் என்று அவருடைய கணவர், பல் டாக்டர், வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிகளிடமெல்லாம் புலம்புவார். அவர்களால் பதில் சொல்ல முடியாது என்பது அவருக்கு வசதி.

ஒருநாள் காலையில் துறைச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அமைச்சர் சபையில் பேசப் போகிறாராம். கல்லூரிகளுக்குப் பக்கத்து நாட்டைவிட நாம்தான் அதிகம் செலவழிக்கிறோம் என்று காட்ட ஒரு அட்டவணை வேண்டுமாம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் தசமம்.

“பாத்தெல்லாம் சொல்ல வேண்டாம்மா. போட்டுக் குடுத்தா போதும்,” என்றார் செயலாளர்.

தசமம் பார்த்தார். ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் நாம் முன்னால் இருந்தோம். மார்தட்டிக்கொள்ளும் விஷயமல்ல அது. கல்லூரிகளும் இடங்களும் குறைவு; இருக்கிற பணத்தைப் பங்கு போடத் தலைகளும் குறைவு. தசமத்தின் தங்கை மகளே நல்ல மதிப்பெண் வாங்கியும் இடம் கிடைக்காமல், வீட்டில் ஜன்னலோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாட்டு வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்தாலோ, பக்கத்து நாடு எங்கேயோ முன்னால் போயிருந்தது.

ஆனால் அவர்களுடைய அறிக்கையில் ‘இதர’ என்று ஒரு வரி கொழுத்துக் கிடந்தது. தசமத்துக்கு அது உறுத்தியது. அங்கே தன்னைப் போலவே பதவியில் இருந்த அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டேவிட்டார்.

“அதுல குதிரைங்க இருக்கு மேடம்,” என்றார் அவர். கால்நடை மருத்துவக் கல்லூரிக் குதிரைகளாம். தீவனமும் அந்த வரியில்தான் வருகிறதாம். அப்புறம் மெல்ல இழுத்தார். “நானும் ஒண்ணு கேக்கலாமா? உங்க அறிக்கையில ‘பல்வகை’ன்னு ஒண்ணு இருக்கே?”

அமைச்சர் அறைக்குப் போகும் லிஃப்ட் அது. தசமம் மறைக்காமல் சொல்லிவிட்டார். அந்த அதிகாரிக்கும் அங்கே இதே உத்தரவாம், தாங்கள்தான் முன்னால் என்று காட்டச் சொல்லி. இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு, குதிரைகளையும் லிஃப்டையும் கழித்துப் பார்த்தார்கள். முடிவு இம்மியும் மாறவில்லை.

சதவீதக் கணக்கை எடுத்துவிடுங்கள் என்றார் செயலாளர். எடுத்தால் தன் கையெழுத்தையும் எடுத்துவிடுங்கள் என்றார் தசமம். இழுபறிக்குப் பின், அது பொடி எழுத்தில் அடியில் இருக்கட்டும் என்று முடிவானது.

சபையில் அமைச்சர் எழுந்தார். தொலைக்காட்சிக் கேமராக்கள் இருந்ததால் மூக்குக்கண்ணாடியைப் பையில் வைத்துவிட்டார். முதல் எண்ணைக் கம்பீரமாகப் படித்தார். அடியில் பொடி எழுத்தில் வரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. பக்கத்து நாட்டு வரிசையில் கண்ணை ஓட்டி, அவர்கள் சதவீதத்தை நம்முடையது என்று முழங்கிவிட்டார். மேஜைகள் அதிர்ந்தன. அதிகாரிகள் மாடத்தில் இருந்த தசமம் தன்னிடமிருந்த பிரதியை எடுத்து அந்த வரிசையை இன்னொரு முறை பார்த்தார்.

அன்று மாலை அமைச்சர் அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தப்பாகப் படித்தேன் என்று திருத்தினால் பக்கத்து நாட்டுப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிடும். அந்த எண்ணைக் கொஞ்சம் சரிக்கட்ட முடியாதா என்று செயலாளர் கெஞ்சலாகக் கேட்டார்.

“எண்ணை மாத்த முடியாது சார். பணத்தை வேணா மாத்தலாம்,” என்றார் தசமம். சொன்ன பிறகுதான், இப்படிச் சொல்லலாமா என்று அவருக்கே பயம் வந்தது.

அமைச்சர் மூக்குக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். “நான் சபையில சொல்லிட்டேன். சொன்னது பொய்யா இருக்கக் கூடாது. நிதித் துறையைக் கூப்பிடுங்க,” என்றார்.

நிதித் துறைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வாய்தவறிப் போன சதவீதத்துக்கெல்லாம் கஜானாவைத் திறப்பதா என்று குதித்தார்கள். ஆனாலும் நாடு முழுக்கக் கைதட்டிவிட்டது, பின்வாங்க வழியில்லை. அந்த வருஷம் நாலு ஊர்களில் புதுக் கல்லூரி வந்தது.

எல்லை தாண்டியும் காற்று வீசியது. அந்த அதிகாரி போன் செய்தார். “எங்க அமைச்சர் சாப்பாடு தூக்கம் இல்லாம இருக்காரு மேடம். உங்களை முந்தணுமாம். இங்கயும் காலேஜ் தொறக்குறாங்க. நீங்க என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலைங்க. சரியாத்தான் போட்டுக் குடுத்தேன்,” என்றார் தசமம். அதற்கு மேல் விளக்க அவருக்கு மனசு வரவில்லை.

மறு வருஷம் புது அட்டவணை போட்டபோது, மாணவர்கள் பெருகியதால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் நாம் பின்னால் போயிருந்தோம். அதைப் பார்த்துச் செயலாளரின் முகம் செத்துப்போனது.

தங்கை மகள் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். இடம் கிடைத்த புதுக் கல்லூரியில் பெஞ்சு பற்றவில்லை, மூன்று பேர் இடத்தில் ஐந்து பேர், சுவர்ச் சுண்ணாம்பு கையில் ஒட்டுகிறது என்று குறை சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவு பூரிப்பாக ஒருத்தி குறை சொல்லி பல் டாக்டர் கேட்டதில்லை. தசமம் அவளுக்கு ஒரு டம்ளர் காபி ஊற்றினார். தளும்பி வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.