மண் இளகும் வரை

கல்லறைத் தோட்டத்து வாசலில் டாரிலின் கால் வழுக்கிவிட்டது. சவப்பெட்டி ஒரு பக்கமாகச் சாய, பின்னால் வந்த லோரி தன்னையறியாமல் "அம்மா!" என்று கத்திவிட்டாள். தூக்கி வந்த மற்ற ஐந்து பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிப் பிடித்தார்கள்.

"அரிசோனா வெயில்ல போடுற ஷூவைப் போட்டுக்கிட்டு பனியில நடக்க வந்துட்டான் பாரு," என்றார் தோட்டக் காவலர் வெர்ன். "நேரா கால வைடா. உங்கம்மாவக் கீழ போட்டுடாத."

வெட்டிய குழி எதுவும் காத்திருக்கவில்லை. மிச்சிகனின் வடகோடியில் பிப்ரவரியில் யாரும் குழி வெட்டுவதில்லை. நாலடி ஆழத்துக்கு மண் இரும்பாகிக் கிடக்கும். கோடைகாலம் பார்த்துச் சாகத் தெரியாதவர்களை மே மாதம் வரை தோட்டத்துக் கல் அறையில் வைத்திருப்பார்கள். இந்தக் குளிர்காலத்துக்கு லோரியின் அம்மா எல்மா கெரானன் ஏழாவது ஆள்.

வெர்ன் இரும்புக் கதவைத் திறந்தார். உள்ளே மரத்தட்டுகளில் ஆறு பெட்டிகள் இருந்தன. "நல்ல துணைதான்," என்றார் மெதுவாக. "மேல சர்ச் பாட்டு டீச்சர். பக்கத்துல சேவரி. சீட்டாட்டத்துல ஏமாத்துவான், மத்தபடி நல்லவன்."

யாரோ சிரித்தார்கள். லோரியின் அப்பா ரெய்னோ சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் கவுண்டி நிர்வாகத்துக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். இந்த ஊரில் அவர் வழி திறந்துவிடாத தெருவே கிடையாது. இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள சூடு கீடு வைப்பீங்களா?"

"வைக்கக் கூடாது ரெய்னோ. தெரியாதா உனக்கு?"

"தெரியும். அவளுக்குக் குளிர் ஆகாது, அதான் கேட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, நெஞ்சுக்குள்ளிருந்து எதையோ இழுத்தெடுப்பதுபோல இருமினார். லோரி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். டிசம்பரில் அம்மாவுக்கு ஆரம்பித்ததும் இதே இருமல்தான்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் இருந்தன. டாரில் லோரியை மேல்கோட்டுகள் மாட்டியிருந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"நாளைக்கு மதியம் விமானம். அப்பாவுக்கும் டிக்கெட் போட்டுட்டேன். காலையில டாக்டர்கிட்ட கேட்டேன், லோரி. அடுத்த குளிர்காலம் இருக்கட்டும், இங்க இருந்தா இந்தக் குளிர்காலமே தாண்டுறது சந்தேகம்ங்கிறார். நெஞ்சுல ஏற்கெனவே சளி கட்டியிருக்காம்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். எல்மா மண்ணுக்குள்ள போறவரைக்கும் நான் எங்கயும் வரலன்னுட்டார். அது மே மாசம்! அதுவரைக்கும் இருப்பாரா? நீ சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பார். அரிசோனா வேணாம் வேணாம்னு இத்தன வருஷம் நீ சொன்னதத்தானே கேட்டாங்க ரெண்டு பேரும்."

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அதனால்தான் அது தைத்தது.

பதினோரு வருஷமாக ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அரிசோனாப் பேச்சு வந்து உட்காரும். டாக்டர் அம்மாவிடம் காய்ந்த காற்றுள்ள ஊருக்குப் போகச் சொல்லியிருந்தார். அம்மா ஆசை ஆசையாக அடுக்குவாள். வெயில், மகன், பேரக்குழந்தைகள், வாசலில் பனி வார மண்வாரியைத் தொடவே வேண்டாம், ஆரஞ்சைக் கையை நீட்டிப் பறிக்கலாம். லோரி ஒவ்வொன்றையும் வெட்டுவாள். நூற்றுப் பதினைந்து டிகிரி வெயில். காரின் ஸ்டீரிங்கைத் தொட்டால் கொப்புளம். ஷூவுக்குள் தேள். ஆறு வற்றிக்கொண்டு வருகிறது, தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? பேச ஒரு ஆள் இருக்காது. நம்மூர் மாதிரி சனிக்கிழமை நீராவிக் குளியல் கிடையாது, வெளியே போய் நின்றாலே குளித்த மாதிரிதான். அதற்கு அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பா இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "பாப்போம்" என்று எழுந்து போய்விடுவார். ஒரு வருஷம் ஓடிவிடும்.

லோரிக்கு அரிசோனா மேல் எந்தப் பகையும் இல்லை. அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் இரண்டே வருஷத்தில் முறிந்து, பெற்றவர்கள் வீட்டு மாடி அறைக்கே திரும்பி வந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அந்த வீட்டில் தனியாக நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டும். தன்னையும் கூட வரச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்கவில்லை. தனிமைக்குப் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, தேளைச் சொன்னாள். இந்தப் பதினோராவது ஜனவரியில் அம்மா எதையும் அடுக்கவில்லை. மூச்சு விடுவதற்கே அவளுக்கு நேரம் போதவில்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். டாரில் வாசலில் பனி வாரப் போனான். ரெய்னோ கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். லோரி எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு டாரிலோட கிளம்புங்க."

"உங்கம்மாவ அங்க பலகை மேல போட்டுட்டா?"

"நான் இருக்கேன்ல."

"நூத்திப் பதினஞ்சு டிகிரின்னு சொல்லுவ."

"அது ஜூலையிலப்பா. வீட்டுக்குள்ள ஏசி இருக்கு. யாரும் வெயில்ல நிக்கிறதில்ல."

"தேளு?"

"ஷூவ உதறிட்டுப் போட்டா ஆச்சு."

"தண்ணி வத்திப்போகும்னியே."

"நம்ம காலத்துல வத்தாது."

"பேச ஆளு கெடையாது."

"டாரில் இருக்கான், பிள்ளைங்க இருக்காங்க. நீங்க இங்க யாரோட பேசிக் கிழிச்சீங்க? பனி வண்டியோடதானே!"

ரெய்னோ அவளையே பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. "எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கியேம்மா. இது அப்பவே தெரியலயா உனக்கு?"

வெளியே மண்வாரி சிமெண்டில் உரசும் சத்தம் கேட்டது.  லோரி பொய் சொல்ல நினைத்தாள், ஆனால் ஒரு பொய்யும் மிச்சமில்லை.

"தெரியும்ப்பா. எல்லாம் தெரியும். நீங்க ரெண்டு பேரும் போயிட்டா இந்த வீட்டுல தனியா இருக்கணுமேன்னு பயந்துட்டேன். அவ்ளோதான். அதுக்காக அம்மாவ இங்கயே கட்டிப்போட்டு... நான்தாம்ப்பா கொன்னுட்டேன்."

"சும்மா இரு."

"கொன்னுட்டேன்ப்பா!"

"சும்மா இருன்னேன்." அவருக்கு மறுபடி இருமல் வந்தது. அடங்கியதும் உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு அந்த ஊரக் கண்டாலே ஆகாதுன்னுதான் அவ நெனச்சா. லோரி அங்க எட்டிக்கூடப் பாக்க மாட்டா, அவள இங்க விட்டுட்டு நான் மட்டும் வெயில் காயப் போறதான்னு கேட்பா. நான் என்ன சொல்றது? சரி, பாப்போம்னேன். எனக்கும் இந்த ஊரு போதும்னு இருந்துது. கொன்னது யாருன்னு கணக்குப் பாத்தா அதுல நானும்தான் வருவேன்."

லோரி மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவர் தடுக்கவில்லை. கையை நீட்டி அவள் தலையில் ஒருமுறை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

நிமிர்ந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "நீங்களும் அந்தப் பலகைக்குப் போனா நான் உயிரோட இருக்க மாட்டேன். சத்தியமாச் சொல்றேன். நாளைக்குப் போயிடுங்கப்பா. வெர்ன்கிட்ட நான் பேசிக்கிறேன். மண்ணு இளகினதும் ஃபோன் பண்றேன். நீங்க வந்து நின்னப்புறம்தான் அம்மாவ இறக்குவோம்."

"மூணு மாசம் தனியா இருப்பியா?"

"இருப்பேன்."

"நெசமா?"

"இருப்பேன்ப்பா. எனக்குப் பயமில்ல."

அது ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற வாக்கியம்தான். பதினோரு வருஷத்தில் எந்த ஜனவரியிலும் அவள் அதைச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்குமே அது தெரிந்தது. ரெய்னோ ஜன்னல் பக்கம் திரும்பி, மகன் தப்பும் தவறுமாகப் பனி வாருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகு போயிடும் அவனுக்கு," என்றார். பிறகு, "என் மெல்லிசுச் சட்டையெல்லாம் எங்க வெச்சிருக்காளோ தெரியல. அவதான் எடுத்துக் குடுப்பா."

லோரி மாடிக்குப் போனாள். பெற்றவர்களின் படுக்கையறையில், கட்டிலின் கால்மாட்டில் தேவதாரு மரப்பெட்டி. அதன் மேலிருந்த கம்பளிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். அடியில், வெள்ளைக் காகிதம் விரித்து, அம்மா வெயில் ஊருக்கான துணிகளை மூன்று வரிசையாக அடுக்கியிருந்தாள். முதல் வரிசையில் அப்பாவின் அரைக்கைச் சட்டைகள் ஐந்து. இரண்டாவதில் அம்மாவின் பருத்திச் சட்டைகள், ஒரு வெயில் தொப்பி.

மூன்றாவது வரிசையையும் அப்பாவுடையது என்றுதான் நினைத்தாள். விரித்துப் பார்த்தால் பெண்கள் அணியும் சட்டை. வெளிர்மஞ்சள், கையில்லாதது. அம்மா மாதிரி இரண்டு பேர் நுழையலாம் அதற்குள். அதன் கீழே இன்னும் மூன்று, எல்லாம் அதே அளவு. மெயின் தெருத் துணிக்கடையின் அட்டை கழுத்தில் தொங்கியது. அந்தக் கடையை மூடி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

அந்த வீட்டில் அந்த அளவுத் தோள் ஒருத்திக்குத்தான் உண்டு.

"லோரி," அப்பா கீழேயிருந்து கூப்பிட்டார். "இருக்கா?"

அவள் மஞ்சள் சட்டையை மடித்தாள்.  திரும்ப விரித்து, மறுபடி மடித்தாள்.

"இருக்குப்பா."

"எத்தன இருக்கு?"

"அஞ்சு," என்றாள். அந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கம்பளிகளை மறுபடி மேலே அடுக்கி, பெட்டியை மூடினாள்.