துருப்பிடித்த கேற்றும் பூந்தோட்டமும்

லண்டனில் மோர்மிளகாய் போட ஒருத்திக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது யோகராஜாவுக்கு இந்தப் பிறவியில் விளங்கப் போவதில்லை. நகுலேஸ்வரி ஒரு கிழமையாக வானிலையைப் போனில் பார்த்துப் பார்த்து, மிளகாயைக் கீறித் தயிரிலும் உப்பிலும் ஊறவைத்து, மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஒருவழியாக வெயிலைப் பிடித்திருந்தாள். பின்பக்கத்துக் கார்டினில் இரண்டு தட்டுகளில் பரப்பிவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள். அது கொதித்து முடிவதற்குள் தட்டுகளின் மேல் நிழல் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். மேகம் இல்லை, புருஷன்.

லண்டனின் சட்டன் பகுதியில் அவர்கள் தெரு வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற நிலம் நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். அதற்குள் யோகராஜா கூரைக்கடி லொவ்ற்றிலிருந்து இறக்கிய பழைய கூடாரத்தை விரித்து, கம்பி கோத்து, ஆணி அறைந்து கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது. கவுன்சிலில் பொறுப்பான உத்தியோகம். முழங்காலில் மண்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"ரென்றைக் கொஞ்சம் காத்தாட விடுறன். பூஞ்சணம் மணக்குது."

"என்ரை மிளகாய்க்கு மேலையோ?"

"உதைக் கொஞ்சம் அரக்கி வையுமன்."

அரக்கி வைக்க வெயில் விழுகிற இடம் வேறெங்கே இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகளை வேலியோரம் தள்ளினாள். இனிக் கதை வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது.

அந்தக் கதை அவளுக்குக் கல்யாணச் சீதனம் மாதிரி, லண்டனுக்கு வந்து இறங்கிய கிழமையே கிடைத்தது. யோகராஜா நாட்டை விட்டு வந்த புதிதில் பெற்றோல் செட்டில் வேலை செய்தார். கூட வேலை செய்த எட்வேட் என்ற வெள்ளைக்காரப் பெடியன் அவரை 'ரஸ்டி கேற்' என்ற பாட்டுக் கோஷ்டியின் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். துருப்பிடித்த கேற். பாட்டுக் கோஷ்டிக்கு இந்தப் பெயரையா வைப்பார்கள் என்று அவள் அப்போதே நினைத்தாள். மூன்று கோடைகாலம் அந்தக் கோஷ்டி போன ஊருக்கெல்லாம் இவர்களும் போய், வயலில் கூடாரம் அடித்து, சேற்றில் உருண்டு, விடிய விடியப் பாட்டுக் கேட்டார்களாம். யோகராஜா காஸ் அடுப்பில் தகரத்தில் அடைத்த ரின்மீனைக் குழம்பு வைக்க, வாசம் பிடித்து வயலே திரண்டு வந்ததாம். கடைசியில் ட்ரம்ஸ் அடிக்கிறவரே வந்து சோறு சாப்பிட்டாராம். நகுலேஸ்வரி முதன்முதல் கேட்டபோது அந்த மனிதன் ஒரு கரண்டிதான் சாப்பிட்டிருந்தான். மகள் மிதுஷா பிறந்த காலத்தில் ஒரு கோப்பைச் சோறு ஆயிற்று. இப்போதெல்லாம் கையால் குழைத்து மூன்று கோப்பை அடித்துவிட்டுச் சட்டியையும் வழிக்கிறான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று.

பிரிந்துபோன அந்தக் கேற் இந்த வருஷம் திரும்பச் சேர்ந்துவிட்டது. யூலையில் எங்கோ ஒரு வயலில் பாடுகிறார்கள். அது இவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் வரும் வாரஇறுதி. மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு ரிக்கற் வாங்கி, மகளைக்கொண்டு ரிப்பன் கட்டுவித்துக் கொடுத்தார். ஊரில் மற்றப் பெண்களுக்கு இந்த நாளுக்குச் சங்கிலி வருகிறது, இவளுக்குச் சேறு. கூடாரத்துக்கான இடத்தை இன்றைக்குள் பதிய வேண்டும். அவர் தலைகீழாக நின்று தெண்டிக்கிறார், அவள் மாட்டேன் என்கிறாள். இடுப்பு நோகும், ரொய்லெற் நாறும், மழை பெய்யும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் அதுகள் இல்லை.

"ஒரு இரவு படுத்துப் பாரும் நகுலா. ரென்றுக்கை படுக்கிற சுகம் உமக்கு விளங்காது."

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு மேரிசாந்தி வந்தாள். இரண்டு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்தவள், மன்னார்ப் பக்கம். வாங்கிக்கொண்டு போன இடியப்பத் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கூடாரத்தைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"ஆருக்கண்ணை உது?"

"எனக்குத்தான் பிள்ளை. நான் பழைய காம்ப் ஆளெல்லே. காம்பிலை இருந்த காலம்தான் என்ரை சீவியத்திலையே திறம் காலம்."

மேரிசாந்தியின் முகம் மாறியது. செத்தவீட்டில் விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"எந்தக் காம்ப் அண்ணை? நாங்கள் சண்டை முடிஞ்சு செட்டிகுளம் காம்பிலை இருந்தனாங்கள்."

யோகராஜா கையில் சுத்தியலோடு திகைத்துப்போனார். பிறகு, ஐயோ அதில்லைப் பிள்ளை என்று பதறி, பாட்டு, வயல், எட்வேட், ரின்மீன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். ட்ரம்ஸ்காரன் மூன்றாம் கோப்பைக்கு வரும்போது மேரிசாந்தி சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"காசு குடுத்தோ அண்ணை ரென்றுக்கை படுக்கிறவை?"

கண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பதுபோல நகுலேஸ்வரியிடம் திரும்பினாள்.

"நீங்கள் எது அக்கா?"

"பூந்தோட்டம்."

"வவுனியாப் பூந்தோட்டமோ? எங்கடை பெரியம்மாவும் அங்கைதான் இருந்தவா. தண்ணி லைனிலை நிண்டே காலம் போச்சுதெண்டு சொல்லுவா."

"ஓம். லைனிலை வாளியைத்தான் வைச்சிட்டு வருவம். திரும்பிப் போனால் வாளியும் இராது."

இருவரும் சிரித்தார்கள். யோகராஜா சிரிக்கவில்லை.

"பூந்தோட்டம் எண்டால் ஊரெல்லே?"

"ஊர்தான். அந்த ஊரிலைதான் காம்ப்."

மேரிசாந்தி இரண்டு முகங்களையும் பார்த்தாள். அடுப்பில் சோறு இருக்கிறதென்று சொல்லி, தட்டுகளை வாசற்படியில் வைத்துவிட்டு நழுவினாள்.

கல்யாணம் பேசிய நாட்களில் நகுலேஸ்வரியின் அப்பா வெளிநாட்டுக்குப் போன் எடுக்கிற கொம்யூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று லண்டன் மாப்பிள்ளையோடு பேசுவார். நாங்கள் இப்ப பூந்தோட்டத்திலை இருக்கிறம் தம்பி என்பார். காம்ப் என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடுவார். வெளிநாட்டு மாப்பிள்ளை, இளக்காரமாய் நினைத்துவிட்டால்? வவுனியாவைக் கண்ணால் காணாத யோகராஜா, மாமரமும் கிணறுமாக ஒரு வீட்டை மனதுக்குள் கட்டிக்கொண்டார். இடம்பெயர்ந்தவர்கள் என்று தெரியும். சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்களாக்கும் என்று விட்டுவிட்டார். நல்ல பெயரான ஊர் என்று ஒருமுறை சொல்லியும் இருக்கிறார். அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"நீர் ஒருநாளும் சொல்லேல்லையே."

"எப்ப சொல்லுறது? உங்கடை ட்ரம்ஸ்காரன் சாப்பிட்டு முடிச்சால்தானே."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். இன்னும் நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லியிருப்பாள், ஆனால் போன் சொன்ன வெயில் அவ்வளவோடு முடிந்துவிட்டது. சடசடவென்று மழை.

"ஐயோ, மிளகாய்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு தட்டைத் தூக்கினார்கள். சமையலறைக் கதவு ஆறடி தூரத்தில் இருக்க, யோகராஜா தன் தட்டைக் கொண்டுபோய்க் கூடாரத்துக்குள் வைத்தார். அறிவு கெட்ட வேலை என்று ஏசிக்கொண்டே நகுலேஸ்வரி அதை எடுக்கக் குனிந்து பின்னால் போனாள். உள்ளே போன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது.

மழை துணியில் விழுகிற சத்தம். அதே சத்தம். பழைய சீலையும் ஈரமும் கலந்த அதே மணம். கையிலிருந்த தட்டை மெல்ல வைத்துவிட்டு உட்கார்ந்தாள். யோகராஜாவும் குந்தினார். பழக்கதோஷத்தில் வாசலின் சிப்பை இழுத்து மூடக் கை போனது.

"மூடாதையுங்கோ."

கையை எடுத்தார். காற்றுக்கு வாசல் துணி விழுந்து மூடப் பார்த்தது. அவசரமாக அதைத் தூக்கிப் பிடித்தார்.

"அங்கையும் ரென்றோ?"

"பிறகு கொட்டில் கட்டித் தந்தவங்கள். முதல் ரென்றுதான். வெயிலுக்கு அவியும். அம்மா அதுக்கு மேலைதான் மிளகாய் காயப்போடுவா. வெயில் மட்டும் தாராளம்."

"எங்கடை ரென்றிலையும் ஒருக்கால்..."

சொல்லத் தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் பாதியில் நிறுத்திய முதல் கதை அதுதான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் போகவில்லை.

"ஒருநாள் இப்பிடித்தான் மழை," என்றாள். "அம்மா மிளகாயை அள்ள ஓடினவா."

அதற்குமேல் அவளுக்கு உடனே சொல் வரவில்லை. தட்டிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து நனைந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். அவர் மிச்சக் கதைக்குக் காத்திருந்தார். வெளியே நீட்டித் துணியைத் தாங்கிய கையில் மழை அடித்தது, சேர்ட் முழங்கைவரை ஊறி, நீர் அவருடைய மடியில் சொட்டியது. கையை உள்ளே எடுங்கோ என்று அவள் சொல்லவில்லை.